ஆட்டுப்பால் பனங்கட்டி

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சுப்பர் மார்க்கற். வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே, குளிர்ப்பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். என் மூச்சுப் பட்டுக் கண்ணாடியைப் பனிப்புகார் மூடுகிறது. துடைக்கிறேன். மறுபடியும் மூடுகிறது.

சீருடை போட்ட பிள்ளை ஒருத்தி, கண்ணாடி துடைக்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள். சீஸ் தேடுகிறேன் என்றேன். முக்கோணமாக, சதுரமாக, தாள் தாளாக, தகரத்தில் அடைத்ததாக எடுத்துக் காட்டினாள். எல்லாம் மஞ்சள், அல்லது வெள்ளை.

"மண்ணிறச் சீஸ் இல்லையோ பிள்ளை?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் மரியாதையும் இரக்கமும் சரிபாதி.

"மண்ணிறமா வந்தா நாங்கள் எறிஞ்சிடுவம் அண்ணை."

எனக்குப் பின்னால் பால்மாப் பெட்டியோடு நின்ற ஒரு அம்மா, "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் பனியில் வழுக்கி விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதற்கு முதல் வாரமும் ஏறக்குறைய விழுந்த கதைதான். ஒரு வாசகர் தொலைபேசி எடுத்து, நான் எழுதுவதைப் பார்த்தால் நோர்வேயில் விழுவதைத் தவிர வேறு வேலை இல்லைப்போல் இருக்கிறது என்று குறைப்பட்டார். அவருக்காக இந்த வாரம் சொந்த மண்ணில் விழுந்த கதை.

மீன் தலையும் முண்டமும்

எங்கள் வீட்டில் மீன் மணம் படாத உத்தியோகம் எனக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் படிப்பித்தார்கள். நானும் படித்தேன். கண்டபாட்டுக்குப் புத்தகங்கள் வாசித்தேன். வாசித்துக்கொண்டே போய், உலகம் முடிகிற இடத்தில், நோர்வேயின் வடகரையில், ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றேன். இருபது வருடங்களாக மீனைத் தோலுரித்து முள்ளெடுக்கிறேன். விதி நல்ல வாசகன். தலைகீழாகவும் வாசிக்கத் தெரிந்தவன்.

மனைவி சுகந்தி வடமராட்சிக் கரையோரத்துப் பிள்ளை. அவளின் தகப்பன், என்னுடைய மாமா, கடலோடி. மாமி காலமான பிறகு அவரை எங்களிடம் கூப்பிட்டுக்கொண்டோம். விமானத்தால் இறங்கி வந்த மனிதரின் முதல் முறைப்பாடு குளிரைப் பற்றியதல்ல. கடையில் மீனுக்குத் தலை இல்லை.

"முண்டங்களை அடுக்கி வைச்சிருக்கிறாங்கள்" என்றார். "இது மீன்கடையோ, சண்டை நடந்த இடமோ?"

தலைகள் தொழிற்சாலையின் பின்பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் போய் விழுகின்றன என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் என் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, பின்பக்கத்தில் ஒரு முதியவர் கையில் உரப்பையுடன் நிற்கிறார், அவருக்கு உன்னைத் தெரியுமாம் என்றான். நான் அவரைத் தெரியாது என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தேன். அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் வைத்த மீன்தலைக் குழம்பின் மணம் மூன்று மாடிக்கும் போய், தீயணைப்புப் படைக்கு யாரோ அறிவிக்கும் அளவுக்கு வந்தது. குழம்பு மிகத் திறமாக இருந்தது.

மற்றச் சாமான்களுக்கு வழி இருந்தது. முருங்கைக்காய் உறைந்து கட்டையாகி வரும். அதை வெட்டுவதற்குக் கோடரிதான் இல்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, ஊரால் வருகிறவர்களின் பெட்டிகளில் உள்ளுடுப்புகளுக்கு நடுவே வந்து சேரும். மிளகாய்த் தூளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு வீட்டுத் தூளும் ஒவ்வொரு மதம், மாறக்கூடாது.

சோப்புக் கட்டி

மாமாவுக்குத் தேத்தண்ணி என்றால் வெறுந்தேத்தண்ணி. சாயம் கடுமையாக, பாலும் சீனியும் இல்லாமல். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி, அதாவது பனை வெல்லம். ஒரு கடி, ஒரு மிடறு. எங்கள் பக்கத்தில் தெரிந்த முறைதான். சீனி கலந்து கொடுத்தால், "எனக்கு என்ன வருத்தமே, சீனி கரைச்சுத் தர?" என்று கேட்பார்.

கொண்டுவந்த பனங்கட்டி முடிந்ததும் மனிதர் வாடிப்போனார். நாலு நாளாய்த் தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை. அந்த நிலைமையில்தான் அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

குளிர்ப்பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே, கண்ணாடித் தாளில் சுற்றி, மண்ணிறத்தில், மினுக்கமாக ஒரு கட்டி. வந்த நாளிலிருந்து நான் அதைக் கண்டிருக்கிறேன். உடுப்புத் தோய்க்கிற சோப் என்று நினைத்து விலகி நடந்திருக்கிறேன். சோப்பை ஏன் குளிரில் வைக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வாசிப்பு அறிவை வளர்க்கும் என்பார்கள்.

மாமா அதைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். கண் கலங்கியது மாதிரி இருந்தது.

"பாரும், இஞ்சையும் பனங்கட்டி காய்ச்சிறாங்கள்."

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டை உடைத்துக் கடித்தார். நானும் சுகந்தியும் பார்த்துக்கொண்டு நின்றோம். வாய் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக அசைந்தது.

"ஆட்டு மணம் அடிக்குது" என்றார். "குட்டானுக்குப் பக்கத்தில ஆட்டைக் கட்டியிருப்பாங்கள், மடையன்கள்."

குட்டான் என்பது பனங்கட்டி வார்க்கிற பனையோலைச் சிறு பெட்டி. வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனையும் இல்லை, ஓலையும் இல்லை. நான் உறையை எடுத்து வாசித்துப் பார்த்தேன். ஆட்டுப்பாலைத் திரைத்தபின் மிஞ்சும் தண்ணீரை நாள் முழுக்க வற்றக் காய்ச்சிச் செய்கிற சீஸ் அது. அந்த நாட்டின் தேசிய உணவு மாதிரி. மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"பேர் என்னவோ இருக்கட்டும்" என்றார். "உம்மைத்தான் வீட்டில ராசா எண்டு கூப்பிட்டவை. நீர் ராசாவோ?"

இரண்டாவது துண்டைக் கடித்து, காய்ச்சினவன் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டான் என்றார். மூன்றாவதில், பதம் தப்பிவிட்டது என்றார். குறை சொல்லிச் சொல்லி அந்தக் கட்டியை ஒரு கிழமைக்குள் முடித்தார். பிறகு அவர் இருந்த காலம் முழுக்க எங்கள் குளிர்ப்பெட்டியில் அது இல்லாத நாள் இல்லை.

நெல்லியடியிலிருந்து வருவது

இனித்தான் சிக்கல்.

மாமாவுக்கு ஒரு தமக்கை, மங்கையற்கரசி. சுகந்திக்கு மாமி, அதனால் எனக்கும் மாமி. நெல்லியடியில் வாழ்க்கைப்பட்டவர். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் அவருக்கு மாமா ஒருநாளும் வளர்ந்து முடிக்கவில்லை. யார் நோர்வேக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் மங்கை மாமி பனங்கட்டியோடு போய் நிற்பார். குட்டான் குட்டானாக வந்து சேரும்.

மாமா ஒன்றை எடுத்துக் கடிப்பார். மேசையில் வைப்பார். அப்படியே விட்டுவிடுவார். எங்கள் வீட்டுப் பாயாசத்திலும் புளிக்கறியிலும் அது கரைந்து போகும். ஒருநாள் ஏன் என்று கேட்டதற்கு, "ஊரில இப்ப ஒருத்தருக்கும் பனங்கட்டி காய்ச்சத் தெரியாது" என்றார். வாயில் ஆட்டுப்பால்.

ஆனால் தமக்கையோடு கதைக்கும்போது வேறு மனிதர். பார்சல் வந்த உடனே தொலைபேசி எடுப்பார். "கிடைச்சுது அக்கா. நல்லாயிருக்கு." பிறகு அரை மணித்தியாலம் ஊர்ப் புதினம். இந்த உண்மை மங்கை மாமிக்கு ஒருகாலும் தெரியக்கூடாது என்று வீட்டில் எழுதாத சட்டம். மாமாவுக்கு விமானம் பயம். ஒரு தரம் வந்ததோடு சரி, திரும்பிப் போகவே இல்லை. அவர் சாம்பலாகத்தான் தமக்கையிடம் போனார்.

ஆட்டைத் திவசத்தை, அதாவது முதலாம் வருடத் திவசத்தை, நெல்லியடியில் மங்கை மாமி வீட்டில் செய்வது என்று முடிவானது. படையலில் செத்தவருக்கு விருப்பமானதை வைக்கவேண்டும். வைக்காவிட்டால் ஆத்மா பசியோடு திரும்பிப் போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாமாவின் ஆத்மா வெறுமனே திரும்பாது, முறைப்பாடு செய்துவிட்டுத்தான் திரும்பும் என்பது என் நம்பிக்கை.

சுகந்தி நோர்வேயிலிருந்தே அந்த மண்ணிறச் சீஸில் ஒரு கட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். எங்கள் இரண்டு பெட்டிகளில் ஒன்று எங்களோடு வந்தது. அதில் சொக்கிளேற்றும் விற்றமின் குளிசையும். மற்றது வழியில் ஏதோ ஒரு நாட்டில் அகதியாகத் தங்கிவிட்டது. சீஸ் அதற்குள்.

வேறு ஏதாவது படைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். வடையும் பாயாசமும் வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். சுகந்தி சமையற்கட்டுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அங்கே மங்கை மாமி பனங்கட்டிகளைக் குட்டானிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா சாப்பிட்டதைத்தான் அப்பாவுக்கு வைக்கவேணும். சாப்பிடாததை வைச்சா அது வேற ஆருக்கோ செய்யிற திவசம்."

"அப்ப மாமிக்கு என்ன சொல்லுறது?"

"அதை நீங்கள் யோசியுங்கோ."

எங்கள் திருமண வாழ்க்கை பெரும்பாலும் இந்த வசனத்தின் மேல்தான் நிற்கிறது.

பனிக்குத் தப்பும் வீடு

அந்தக் கட்டளையோடு யாழ்ப்பாணம் போனவன், சுப்பர் மார்க்கற்றால் வெறுங்கையோடு வெளியே வந்தேன். ஒல்லாந்தர் மேல் கோபம் வந்தது. சீஸ் தின்கிற சாதி. எங்களை அத்தனை காலம் ஆண்டு, அலுவலகத்துக்குக் கந்தோர், மலகூடத்துக்குக் கக்கூஸ் என்று இரண்டு சொல்லைத் தந்துவிட்டு, சீஸை மட்டும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசலில் நின்ற ஓட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன்.

"ஓ, உங்கடை நாட்டுச் சாமானோ?" என்றார். அது எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. "பண்டத்தரிப்பில ஒரு நோர்வேக்காரர் இருக்கிறார். அவரிட்டைக் கேட்டுப் பாப்பம், ஏறுங்கோ."

வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே அந்த வீட்டைத் தூரத்திலேயே கண்டேன். சிவப்புச் சாயம் பூசி, பனி வழுக்கி விழுவதற்கு வசதியாகக் கூரை செங்குத்தாக இறங்கியிருந்தது. பண்டத்தரிப்பில் பனி கொட்டினால் தப்பக்கூடிய ஒரே வீடு அதுதான்.

வீட்டுக்காரர் குணம் அண்ணை, எங்கள் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் அங்கே. மனைவி இல்லை. ஊரில் போய்க் கண் மூடவேண்டும் என்று வந்தவர், கண் மூடாததால் இப்போது நிறைய நேரம் மிஞ்சியிருந்தது. அந்த வெக்கையில் வீட்டுக்குள் கம்பளிக் காலுறையோடு நடந்தார். நான் நோர்வே என்றதும் கையைப் பிடித்து இழுத்து இருத்தி, அங்கே உருளைக்கிழங்கு என்ன விலை என்றுதான் முதலில் கேட்டார்.

"அங்கை இருக்கேக்கை ஒடியல் மாவுக்கு அலைஞ்சனான். ஒஸ்லோவில ஆரிட்டையோ இருக்குதெண்டு ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில போனனான்" என்றார். "இப்ப மூண்டாவது வீட்டில இடிக்கினம். எனக்கு அந்த மணம் வந்தா யன்னலைச் சாத்தவேணும்."

குளிர்ப்பெட்டியைத் திறந்தார். நான் எழுந்து நின்றேன். மேல் தட்டில், கோயிலில் மூலஸ்தானம் மாதிரித் தனியாக, மண்ணிறக் கட்டி.

சீஸ் சீவுகிற கத்தியால் எனக்கு ஒரு துண்டு சீவித் தந்தார். அதற்குள்ளால் பேப்பர் வாசிக்கலாம். தலையங்கம் மட்டுமல்ல, மரண அறிவித்தலும் தெரியும். எனக்கு ஒரு கட்டி தேவை என்றேன்.

"தம்பி, கிட்னியைக் கேளும், யோசிப்பம்."

மகன் வருடத்துக்கு ஒரு தரம் கொண்டுவருகிறானாம். இரண்டு வீடு தள்ளி இருக்கிற தம்பிக்கே காட்டுவதில்லையாம். பிறகுதான் நான் திவசம் என்றேன். மாமா பனங்கட்டி என்று வாங்கிய கதையைச் சொன்னேன். குணம் அண்ணை சிரிக்கவில்லை.

"நானும் முதல் முதல் அப்பிடித்தான் வாங்கினனான்" என்றார். "ஆருக்கும் சொல்லேல்லை."

சீவுகிற கத்தியை வைத்துவிட்டு, சமையற்கட்டுக்குப் போய்ப் பெரிய கத்தியை எடுத்துவந்தார். சரிபாதியாக வெட்டினார்.

"நான் செத்தா எனக்கு இஞ்சை இதை வைக்கவேணுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். "பொங்கலும் வடையும் வைச்சுப்போட்டுப் போயிடுவாங்கள்."

ஓட்டோவில் வரும் வழியெல்லாம் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். நெல்லியடியில் இறங்கும்போது ஓட்டோக்காரர், அந்தச் சாமானில் ஒரு சின்னத் துண்டு பார்க்கலாமோ என்றார். கொடுத்தேன். வாயில் போட்டு, துப்ப இடம் தேடி, என் முகத்துக்காக விழுங்கினார்.

படையல்

மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கிரியையை நான்தான் செய்தேன். மேலுக்கு ஒன்றும் இல்லாமல், வயிறு வேட்டிக்கு மேலால் சபையை எட்டிப் பார்க்க, ஐயர் சொன்னதை அரைகுறையாகத் திருப்பிச் சொன்னேன். முதல்நாளே அவரிடம் சீஸ் படைக்கலாமோ என்று கேட்டிருந்தேன். பாலில் செய்ததோ என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பால் என்றால் சிவனே குளிக்கிறார், பிறகென்ன என்றுவிட்டார். கிரியை முடித்து, அரிசி காய்கறியோடு அவர் புறப்பட்டார்.

மாமாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டாயிற்று. சோறு, பருப்பு, கறிகள், வடை, பாயாசம். ஒரு மூக்குப் பேணியில் வெறுந்தேத்தண்ணி. மங்கை மாமி தட்டோடு வந்தார். எண்பது வயது தாண்டிய கைகளால் இலையின் நடுவில் பனங்கட்டியை வைத்தார். வைத்துவிட்டு, அது சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

சுகந்தி குனிந்து, இலையின் கரையில், வடைக்குப் பின்னால் ஒளித்த மாதிரி அந்த மண்ணிறத் துண்டை வைத்தாள்.

"உது என்ன பிள்ளை?"

எனக்கு ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு இது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நோர்வேக் கோயிலொன்றின் பிரசாதம் என்று தொடங்கினேன். மங்கை மாமி என் பக்கமே திரும்பவில்லை. துண்டை எடுத்து, கரையில் நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்தார். வாய் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. சுகந்தி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"உதைத்தானோ அவன் அங்கை திண்டவன்?"

சுகந்தி தலையை ஆட்டினாள். "மாமி, அப்பா உங்கடை பனங்கட்டியையும்..." என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

"அவன் திண்ணேல்லை. எனக்குத் தெரியும்." குரலில் கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். "ஒவ்வொரு முறையும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டான். அவன் எப்ப ஒண்டை நல்லாயிருக்கெண்டு சொல்லித் திண்டவன்? பிடிச்சதெண்டால் ஆயிரம் குறை சொல்லிச் சொல்லித்தான் வழிச்சுத் தின்னுவான். சின்னனிலை இருந்தே அப்பிடித்தான்."

ஒளித்து வைத்திருந்த உண்மையை, ஒளித்தவர்களை விட நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு முன்னால் நிற்பது சிரமமான காரியம். அதுவும் மேலாடை இல்லாமல்.

"அப்ப ஏன் மாமி அனுப்பிக்கொண்டிருந்தனீங்கள்?" என்றாள் சுகந்தி.

மங்கை மாமி இலையின் நடுவிலிருந்த பனங்கட்டியை எடுத்தார். அந்த இடத்தில் ஆட்டுப்பால் கட்டியை வைத்தார்.

"கிடைச்சுதெண்டு சொல்லவாவது ரெலிபோன் எடுப்பான்" என்றார்.

பனங்கட்டியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"இனியும் அவனைக்கொண்டு பொய் சொல்லுவிக்க ஏலாது. கற்பூரத்தைக் கொளுத்துங்கோ தம்பி."